லென்ஸின் விலையும் கண்ணின் அளவும்

புதுச்சேரி லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் காலையில் நடக்க வரும் பெரியவர்களின் பேச்சில் கண்புரை ஆபரேஷன் அடிக்கடி வரும். ஒருவருக்கு ஆகியிருக்கும், இன்னொருவருக்கு நாள் குறித்திருப்பார்கள். முதல் கேள்வி, "எந்த லென்ஸ் வெச்சீங்க?" அடுத்தது, "எவ்வளவு ஆச்சு?" மூன்றாவது கேள்வி வருவதே இல்லை. பாரிஸில் இருக்கும் மகனும் சென்னையில் இருக்கும் மகளும் போனில் சொல்வது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே விலை கூடின லென்ஸா பார்த்துப் போடுங்கப்பா." விலை கூடினால் பார்வை கூடும், கண்ணாடியே வேண்டியிருக்காது, இலவச வார்டில் போனால் மங்கலோடுதான் திரும்பி வர வேண்டும் என்பது ஊரெல்லாம் படிந்துவிட்ட நம்பிக்கை.

இதே நம்பிக்கை திட்டம் போடுகிறவர்கள் பக்கத்தில் வேறு உருவத்தில் உலவுகிறது. "முகாமில் வருகிற பாட்டிக்கு நடமாடப் பார்வை கிடைத்தால் போதும். பவரில் அரை டயாப்டர், கால் டயாப்டர் என்று பார்ப்பதெல்லாம் காசு கொடுத்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு." ஒருவர் துல்லியத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்கிறார், மற்றவர் காசில்லாதவருக்குத் துல்லியம் தேவையில்லை என்கிறார். இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். துல்லியம் லென்ஸுக்குள் இல்லை. கண்ணை அளக்கும் கையிலும், அந்த அளவை வைத்துப் போடும் கணக்கிலும், ஒரு மாதம் கழித்து அந்தக் கணக்கு சரியாக வந்ததா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்திலும் இருக்கிறது. இந்த மூன்றையும் எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் விலை போட்டு எழுதியிருக்கமாட்டார்கள்.

இதற்கு ஆதாரம் உள்விழி லென்ஸின் முதல் நாளிலேயே இருக்கிறது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி உலகின் முதல் உள்விழி லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணில் பொருத்தினார். பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கைத் தேர்ந்து, ரேய்னர் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த லென்ஸ் அது. அன்றைக்கு அதைவிட நல்ல லென்ஸ் உலகில் எங்கும் கிடையாது. கண்ணும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த நோயாளிக்கு இருபது டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவைப் பார்த்து அப்படியே செய்த லென்ஸ், கண்ணுக்குள் போனபோது தேவைக்கு மேல் பெரும் பவரோடு நின்றது. லென்ஸில் குறை இல்லை, கணக்கில் குறை. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நாம் லென்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். ஆபரேஷனுக்கு முன் தாடையை ஒரு கருவியில் வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்கிறார்களே, அங்கேதான் எல்லாம் முடிவாகிறது. முக்கியமாக இரண்டு அளவுகள்: கண்ணின் முன்பின் நீளம், கருவிழியின் வளைவு. 1980 வாக்கில் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் கொடுத்த சூத்திரம் பள்ளிப் பிள்ளையும் போடக்கூடியது. ஒவ்வொரு லென்ஸ் வகைக்கும் ஒரு மாறிலி உண்டு. அதிலிருந்து கண்ணின் நீளத்தை 2.5 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும், கருவிழி வளைவை 0.9 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது லென்ஸின் பவர். மாறிலி 118.4, கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழி 44 டயாப்டர் என்றால் விடை 20.05. பெட்டியிலிருந்து 20 எடுத்து வைப்பார்கள்.

ஒலியலையால் அளக்கும் ஏ-ஸ்கேன் கருவியின் முனை, அளக்கும்போது கருவிழியைக் கொஞ்சம் அழுத்திவிட்டது என்று வையுங்கள். கண் 23.2 மில்லிமீட்டராகத் தெரிகிறது. விடை 20.8. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு தவறியதற்கு லென்ஸில் முக்கால் டயாப்டர் கூடிவிட்டது. அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்க மைனஸ் பவர் தங்கிவிடும். அந்த 20.8-க்கு ஐயாயிரம் ரூபாய் லென்ஸ் வைத்தாலும் ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ் வைத்தாலும் தங்கும் பிழை ஒன்றுதான்.

இந்தச் சூத்திரம் இன்று பழையது. சராசரி நீளமுள்ள கண்ணுக்குச் சரியாக வரும், மிக நீண்ட கண்ணிலும் மிகக் குட்டையான கண்ணிலும் தவறும். அதனால் ஹாலடே, எஸ்.ஆர்.கே-டி, ஹாஃபர்-கியூ, ஹைகிஸ், பாரெட் என்று அடுத்தடுத்து வந்தன. ஆனால் எத்தனை சூத்திரம் வந்தாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஆபரேஷனுக்கு முன் அளக்கவே முடியாத ஒன்று இருக்கிறது: புண் ஆறி, லென்ஸின் பை சுருங்கிய பிறகு புது லென்ஸ் கண்ணுக்குள் எந்த ஆழத்தில் போய் நிற்கும்? அரை மில்லிமீட்டர் பின்னே போனால் ஏறக்குறைய முக்கால் டயாப்டர் பிளஸ் பக்கம் சாயும், முன்னே வந்தால் மைனஸ் பக்கம். இதை யாரும் அளப்பதில்லை. கணிக்கிறார்கள்.

கடைசியில் வரும் பிழை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று 2008-இல் ஸ்வெர்க்கர் நார்பி பிரித்துக் காட்டினார். லென்ஸ் நிற்கும் இடத்தைக் கணிப்பதில் 35 சதவீதம், ஆபரேஷனுக்குப் பின் கண்ணாடிப் பவர் பார்ப்பதில் 27 சதவீதம், கண்ணின் நீளத்தை அளப்பதில் 17 சதவீதம். லென்ஸ்மேல் அச்சிட்ட பவரிலும் சிறு ஏற்ற இறக்கம் உண்டு. 15 முதல் 25 டயாப்டர் வரையான லென்ஸுக்கு 0.4 டயாப்டர் கூடக்குறைய இருக்கலாம் என்று சர்வதேசத் தர விதியே அனுமதிக்கிறது. உள்நாட்டு லென்ஸுக்கும் இறக்குமதி லென்ஸுக்கும் ஒரே விதி.

ஆகவே, "இத்தனை பணம் கொடுத்தும் அரை பவர் வந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அரை டயாப்டர் மிச்சம் இருந்தால் அது நல்ல ஆபரேஷன். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவைக்கு 2009-இல் முன்வைக்கப்பட்ட அளவுகோல் என்ன தெரியுமா? நூற்றில் 85 கண்கள் இலக்கிலிருந்து ஒரு டயாப்டருக்குள்ளும், 55 கண்கள் அரை டயாப்டருக்குள்ளும் இருக்க வேண்டும். பணக்கார நாடு, எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைகள், அங்கேயே எல்லாக் கண்ணும் அரை டயாப்டருக்குள் வந்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகளில் 18,501 கண்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், மிகச் சிறந்த சூத்திரத்தைப் போட்டபோது அரை டயாப்டருக்குள் வந்தவை ஏறக்குறைய எண்பது சதவீதம். ஐந்தில் ஒன்று அதற்கு வெளியே. "கண்ணாடியே தேவைப்படாது, கேரண்டி" என்று யாராவது சொன்னால், அவர் இந்த எண்களைப் பார்க்காதவர், அல்லது பார்த்தும் உங்களிடம் சொல்லாதவர்.

சரி, விலைக்கு ஒரு பொருளுமே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. மடக்கு லென்ஸ் சிறு துளை வழியாகப் போகும், கருவிழியின் வளைவு அதிகம் மாறாது. நல்ல பொருளில், விளிம்பு கூர்மையாகச் செய்த லென்ஸ் வைத்தால் சில ஆண்டுகள் கழித்துப் பின்பையில் படலம் படிவது குறையும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட அளவுப் பிழையைத் திருத்தாது.

விலை ஏறஏற அளவின் பொறுப்பும் ஏறுகிறது, இதை ஆலோசனை அறையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸில் ஒரு டயாப்டர் தவறினால் ஒரு சாதாரணக் கண்ணாடியில் சரியாகிவிடும். தூரத்தையும் கிட்டத்தையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸில் அதே ஒரு டயாப்டர் தவறினால் தூரமும் தெளிவில்லை, கிட்டவும் தெளிவில்லை. கண்ணாடியைக் கழற்றத்தான் அந்த லென்ஸுக்குப் பணம் கொடுத்தார், கடைசியில் கண்ணாடியும் போட்டாக வேண்டும், இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் தெரியும். சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உரிய கோணத்திலிருந்து ஒரு டிகிரி திரும்பினால் அதன் பலனில் ஏறக்குறைய 3.3 சதவீதம் போகும். முப்பது டிகிரி திரும்பினால் பலனே இல்லை. லட்ச ரூபாய் லென்ஸ் வைக்கும் இடத்தில்தான் அளவு எடுப்பவரை இரண்டு முறை அளக்கச் சொல்ல வேண்டும்.

"லேசர் ஆபரேஷன்" பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில், ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோவையே லேசர் என்று சொல்லிவிடுகிறார்கள், அது வேறு. உண்மையான ஃபெம்டோசெகண்ட் லேசரால் புரையை எடுத்தால் துல்லியம் கூடுமா என்று பிரான்சின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்த ஃபெம்கேட் என்ற ஆய்வு 2020-இல் லான்செட் இதழில் வெளியானது. சாதாரண ஃபேக்கோவைவிடப் பார்வையிலோ, மிஞ்சும் பவரிலோ அது கூடுதல் பலன் தரவில்லை என்பதே முடிவு. செலவு மட்டும் கூடியது.

இனி அடுத்த பக்கம். "ஏழைக்கு இவ்வளவு போதும்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு அதிக அவசரமாகப் படுகிறது.

கண்ணை அளக்கும் பயோமெட்ரி வசதி இல்லாத இடங்களில் வந்தவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே பவர் லென்ஸ் வைத்த காலம் இருந்தது. புரையை மட்டும் எடுத்து, தடித்த பிளஸ் பத்துக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் 3,400 பேரை இரு பிரிவாக்கி நடத்திய உள்விழி லென்ஸ் ஆய்வு, லென்ஸ் வைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை தடித்த கண்ணாடிக்காரர்களைவிட மேம்பட்டதைக் காட்டியது. அப்போது லென்ஸின் விலைதான் தடை. 1992-இல் மதுரையில் லென்ஸ் செய்யும் ஆரோலேப் தொடங்கி, நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. நேபாளத்தில் தில்கங்கா கண் மருத்துவமனையும் அதே வேலையைச் செய்தது. விலை என்ற தடை அங்கே உடைந்தது. உடைந்த தடையைப் பற்றியே இன்னும் பேசுவதால்தான் உடையாத தடை கண்ணில் படுவதில்லை.

அந்த உடையாத தடை அளவுதான். ஒளியால் அளக்கும் கருவி 1999-இல் வந்தது. கண்ணைத் தொடாது, அழுத்தாது, அளவு துல்லியம். ஆனால் முற்றிப் பழுத்த புரையில் அந்த ஒளி ஊடுருவாது. புதிய கருவிகள் இன்னும் ஆழமாக ஊடுருவுகின்றன, இருந்தாலும் முழுக்க வெளுத்த புரையில் அவையும் தோற்கும் நேரம் உண்டு. யாருக்குப் புரை அவ்வளவு முற்றுகிறது? தூரத்து மீனவக் குப்பத்திலிருந்தும் வயற்காட்டிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருபவருக்கு. விலையுயர்ந்த கருவி அவருக்கே உதவாமல் போகிறது. அங்கே ஏ-ஸ்கேன்தான் வழி, அதிலும் கண்மேல் சிறு கிண்ணம் வைத்து நீர் நிரப்பி, முனை கருவிழியைத் தொடாமல் அளக்கும் முறைதான் நம்பத்தக்கது. அதற்குத் தேவை நிதானமான கை, பொறுமை, பயிற்சி. அரவிந்த் மருத்துவமனைகளில் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கு நிறுத்துகிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறாமல் இருப்பது, லென்ஸ் எந்த நாட்டில் செய்தது என்பதைவிடப் பெரிய விஷயம். இது தவளக்குப்பத்தில் கடலூர் சாலையில் இருக்கும் அரவிந்துக்கும் பொருந்தும், கோரிமேட்டு ஜிப்மருக்கும் பொருந்தும், நகரின் நடுவே இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் பொருந்தும்.

புதுச்சேரி கடலோர ஊர். வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைப்பவர்களுக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து கருவிழிமேல் சதை வளர்வதைப் பார்க்கிறோம். அந்தச் சதை கருவிழியின் வளைவை மாற்றிவிடும். பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, வளைவு நிலைபெறும்வரை காத்திருந்து, பிறகுதான் லென்ஸுக்கு அளக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் அதிக விலை லென்ஸ் வேண்டாம். சில வாரம் பொறுக்க வேண்டும், அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

"நடமாடினால் போதும்" என்ற அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆபரேஷனுக்குப் பின் 6/18 பார்வை இருந்தால் நல்ல விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு வகுத்திருந்தது. இப்போது அது இன்னும் கூர்மையான 6/12 ஆகியிருக்கிறது. 2021-இல் உலக சுகாதாரப் பேரவை, ஆபரேஷன் ஆனவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஆன பிறகு நல்ல பார்வை பெற்றவர்களையே கணக்கில் எடுக்கும் அளவையில் 2030-க்குள் 30 சதவீதப் புள்ளி உயர்வு வேண்டும் என்று இலக்கு வைத்தது. எத்தனை முகாம், எத்தனை ஆபரேஷன் என்று ஆண்டறிக்கையில் எழுதி முடித்துக்கொள்ளும் காலம் போய்விட்டது.

அதோடு, அந்தப் பாட்டி என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டார்களா? பவர் கணக்கில் இலக்கு என்ற ஒன்று உண்டு. தூரப்பார்வைக்குச் சுழியம் வைக்கலாம், கிட்டத்து வேலைக்காக மைனஸ் ஒன்றரை, இரண்டு விடலாம். நாள் முழுக்கப் பூக்கட்டுபவருக்கும் தையல் மிஷினில் உட்காருபவருக்கும், பேருந்து ஓட்டுபவருக்கும் ஒரே இலக்கு சரிவராது. மைனஸ் பத்து பவரோடு அறுபது வருடம் வாழ்ந்தவருக்கு ஒரு கண்ணை மட்டும் சுழியமாக்கிவிட்டு, மறு கண்ணுக்குத் தேதி சொல்லாமல் அனுப்பினால் இரண்டு கண்ணும் இணையாமல் தலைசுற்றும். அந்தக் கணக்கில் எண் பிசகவே இல்லை, ஆனாலும் அது தப்புக் கணக்கு. கட்டண வார்டில் இந்த உரையாடல் நடக்கிறது, இலவச வார்டில் பல சமயம் நடப்பதில்லை. கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஏழைக்குத் துல்லியம் தேவையில்லை என்ற எண்ணம் ஊறிப்போனதால்தான் அந்த இரண்டு நிமிடம் ஒதுக்கப்படுவதில்லை.

அதைவிட முக்கியமானது கடைசிக் கட்டம்: கணக்கைத் திரும்பிப் பார்ப்பது. புதிய சூத்திரங்கள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இலவச வார்டு நோயாளிக்கும் அதே சூத்திரத்தைப் போட ஒரு செலவும் இல்லை. ஆனால் சூத்திரத்தில் போடும், லென்ஸ் பெட்டியில் அச்சிட்ட மாறிலி பொதுவானது. அந்த மருத்துவமனையின் கருவிக்கும் அந்த மருத்துவரின் கைக்கும் ஏற்ப அதைத் திருத்த வேண்டும். அதற்கு ஒரே வழி, ஆபரேஷன் ஆகி நான்கு முதல் ஆறு வாரத்தில் நோயாளியைத் திரும்ப வரவழைத்து, மிஞ்சியிருக்கும் பவரைப் பார்த்து, கணித்த பவரோடு ஒப்பிட்டு எழுதி வைப்பது. அப்படி எழுதி வைக்கும் இடத்தில் பிழை மெல்லக் குறைகிறது. எழுதாத இடத்தில் அதே பிழை வருடா வருடம் நடந்துகொண்டே இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல். முகாமில் வந்தவர் பஸ் காசுக்கு யோசித்து ஒரு மாதம் கழித்து வராமல் போகிறார், கட்டண வார்டில் வந்தவர் "நல்லாத்தானே தெரியுது" என்று வராமல் போகிறார். இருவரும் அடுத்து வருபவரின் கணக்கைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஐம்பது வயதைத் தொடும் இன்னொரு கூட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் முன் லேசிக் செய்துகொண்டவர்கள். அவர்களுடைய கருவிழி வளைவைச் சாதாரணக் கருவி தவறாகப் படிக்கும். லேசிக் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பவர் குறைந்த லென்ஸ் வைத்து, பிளஸ் பவரோடு அனுப்பிவிடுவார்கள். பழைய லேசிக் கோப்பு பரணில் கிடந்தால் எடுத்து வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும், மென்மையானதென்றால் ஒரு வாரமாவது, கடினமானதென்றால் இன்னும் அதிகம்.

ஆகவே லாஸ்பேட்டைப் பெரியவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் என் கோரிக்கை இது. லென்ஸ் விலையைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் இன்னும் சில கேள்விகள் கேளுங்கள். கண்ணை எந்த முறையில் அளந்தீர்கள்? இரண்டு கண்ணையும் அளந்தீர்களா? இரண்டுக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மீண்டும் அளந்தீர்களா? எந்தப் பவரை இலக்கு வைத்திருக்கிறீர்கள், ஏன்? அளவுத்தாளின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் அன்று உங்கள் பெயரையும், எந்தக் கண் என்பதையும், லென்ஸ் பவரையும் உரக்கச் சொல்லச் சொல்லிச் சரிபாருங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் காத்திருக்கும் ஊர் நம்முடையது.

ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், சென்ற ஆண்டு தங்களிடம் ஆபரேஷன் ஆன கண்களில் எத்தனை சதவீதம் அரை டயாப்டருக்குள்ளும் எத்தனை ஒரு டயாப்டருக்குள்ளும் வந்தன என்று, இலவச வார்டுக்கும் கட்டண வார்டுக்கும் தனித்தனியாக, வரவேற்பறையில் எழுதி வைக்கட்டும். புதுச்சேரி சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்கலாம். லென்ஸ் விலைப் பட்டியல் தொங்கும் அதே சுவரில் அதற்கும் இடம் இருக்கிறது.

ஆபரேஷன் ஆனவர்கள், ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.